விடத் தெரிந்த பூட்டு

அத்தை போட்ட முடிச்சு எதுவும் இரண்டாவது இழுப்புக்கு நின்றதில்லை. மாட்டுக் கயிறு, வாழைத்தார்க் கட்டு, சோற்றுப் போசி வைத்த பையின் வாய், முந்தானையில் முடிந்த சாவி, எல்லாம் ஒரே மாதிரிதான். நுனியைப் பிடித்து ஒரு தடவை இழுத்தால் அவிழ்ந்துவிடும். மாடு எவ்வளவு இழுத்தாலும் அவிழாது, மனிதர் நுனியைத் தொட்டால் அவிழும். எனக்கு எத்தனையோ தடவை போட்டுக் காட்டினார். என் கைக்கு வரவில்லை. நான் போட்டால் இறுகிக்கொள்ளும், கடைசியில் அரிவாளைத் தேட வேண்டியிருக்கும்.

நான் மெக்கானிக். லாரி ஆக்சில், டிப்ரன்ஷியல் வேலை. நாமக்கல்லில் இன்றைக்கு எனக்கென்று ஒரு பட்டறை இருக்கிறது. ஒன்றை இறுக்குவது எப்படி என்று கேட்டால் தயங்காமல் பதில் சொல்வேன். அத்தை அதை ஒரு நாளும் கேட்டதில்லை. எந்தச் சாமானைப் பார்த்தாலும் அவர் கேட்டது ஒன்றுதான்: "இது எப்புடி உடும்?"

அத்தை என்பது அப்பாவின் அக்கா. பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், எங்கள் ஊரிலேயேதான் வாக்கப்பட்டிருந்தார். அவருடைய தோட்டமும் எங்கள் தோட்டமும் ஒரே வாய்க்கால் தண்ணீர் குடிப்பவை. பிள்ளைகள் இல்லை. மாமா கரும்பு ஆட்டும் ஆலையில் தோள் துண்டு பல்சக்கரத்தில் சிக்கிப் போய்ச் சேர்ந்தார். பெல்ட்டைத் தள்ளிவிட ஆள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதனால்தான் இந்த அம்மாளுக்கு இப்படி ஒரு புத்தி என்று ஊரில் சொல்வார்கள். அத்தை அதை ஒப்புக்கொள்ள மாட்டார். அதற்கு முந்தியே தான் அப்படித்தான் என்பார். துண்டைக் கழற்றி வைத்துவிட்டு ஆலைக்குப் போங்கள் என்று மாமாவிடம் எத்தனை தாட்டி சொல்லியிருப்பேன் தெரியுமா என்று, செத்தவர் மேல் அப்போதும் கொஞ்சம் கோபத்தோடு சொல்வார்.

எங்கள் பக்கம் எல்லாக் கிணற்றிலும் ஆட்டோ சுவிட்சு இருக்கும். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். அத்தை கிணற்றிலும் அப்பா ஒன்று மாட்டிக் கொடுத்தார். மறுவாரமே அத்தை அதைக் கழற்றித் துடைத்து, அட்டைப்பெட்டியில் போட்டு அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். கரண்ட் எந்நேரத்துக்கு வந்தாலும் தானே நடந்து போய்த்தான் போடுவார், தானே நின்றுதான் நிறுத்துவார். ஊட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, ஒரு குச்சி செருகியிருக்கும். விருந்துக்கு வந்தவரை இன்னொரு தோசை வைத்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்த மாட்டார். போதும் என்றால் உடனே தட்டை எடுத்துவிடுவார். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. கல்மனசுக்காரி என்று என் அம்மாவே சொல்லியிருக்கிறாள். நானும் சின்ன வயசில் அப்படித்தான் நினைத்தேன்.

என் தங்கை, கட்டிக்கொடுத்த ஊட்டிலிருந்து பெட்டியோடு வந்து நின்றபோது அந்த நினைப்பு போயிற்று. பெரியவர்கள் எல்லாம் கூடி உட்கார்ந்து அவளைத் திரும்பக் கொண்டுபோய் விடுவது என்று முடிவு செய்துகொண்டிருந்தார்கள். கொஞ்சம் பொறுத்துப் போ, அனுசரித்துப் போ என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த அத்தை அப்பாவைப் பார்த்து, "மாட்டையே நா அவுக்க வர்ற மாதிரித்தான் கட்டறேன் தம்பி. இது புள்ளை" என்றார். அவ்வளவுதான் பேசினார். தங்கை திரும்பிப் போகவில்லை. இன்றைக்குச் சேலத்தில் வேலையில் இருக்கிறாள். அப்பா அதை மறக்கவே இல்லை. சபையில் தன் வார்த்தையை அக்கா மதிக்கவில்லை என்று அவருக்கு மனதில் தைத்துவிட்டது.

டிராக்டர் விவகாரம் அந்த வருஷத்தில்தான் தொடங்கியது. டிராக்டர் அப்பாவுடையது. ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் அதை அப்பாவை விட அதிகம் ஓட்டியவர் அத்தை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் உழவு ஓட்டுவதைப் பார்க்க, பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். தங்கை விவகாரத்துக்குப் பிறகு, வாழைத்தார் வெட்டும் நாளில் அத்தை டிராக்டர் கேட்டால் அப்பாவிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். டயரில் காற்று இல்லை, டீசல் இல்லை, நாளைக்கு வேணும். வெட்டின தார் நாளைக்கு வரைக்கும் காத்திருக்காது என்பது அப்பாவுக்குத் தெரியாததா? அக்காவுக்கு வயசாகிவிட்டது, தோட்டத்தைக் குத்தகைக்குத் தன்னிடம் விட்டுவிட்டு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தைக்கு மட்டும் நேராகச் சொல்லவில்லை.

அத்தை ஏலத்தில் ஒரு பழைய ஜீப் எடுத்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் டீசல் ஜீப். பின்பக்கத்தை வெட்டி வாழைத்தார் அடுக்குகிற மாதிரி செய்துகொண்டார். அப்போது அவருக்கு அறுபதை ஒட்டிய வயது. ஊர் சிரித்தது, அத்தை கண்டுகொள்ளவில்லை. ஆனால் இட்டேரி சிரிக்கவில்லை, இழுத்து உட்கார வைத்தது. அவர் தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு வரும் ஒரே வழி அந்த இட்டேரிதான், இரண்டு பக்கமும் வேலி, நடுவில் களிமண் தடம். வாய்க்காலில் தண்ணீர் விட்டால் தடம் முழுக்கச் சேறு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியே ஆனாலும் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் சும்மா சுற்றும், மற்ற இரண்டும் அசையாமல் நிற்கும். இரண்டு தடவை அப்பாவின் டிராக்டர் போய்த்தான் ஜீப்பை இழுத்தது. இரண்டு தடவையும் அப்பா ஒன்றும் சொல்லாமல் கயிற்றைக் கட்டினார். திட்டியிருந்தால்கூட அத்தைக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மூன்றாம் தடவைக்கு முன்னால் அத்தை பஸ் ஏறி நாமக்கல் வந்துவிட்டார். நான் அப்போது வேறொருவர் பட்டறையில் வேலையில் இருந்தேன். கிரீஸ் கையோடு வந்து நின்ற என்னிடம், சுற்றி வளைக்காமல் லாக் வேண்டும் என்றார்.

அவருக்கு டிப்ரன்ஷியலை விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. இரண்டையும் தனித்தனி வேகத்தில் விடுவதற்குத்தான் அந்தப் பெட்டி. சேற்றில் அதுவே வினை. எந்தச் சக்கரத்துக்குச் சுற்றுவது சுலபமோ அதற்கே எல்லாச் சுற்றையும் கொடுத்துவிடும். லாக் போட்டால் இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றியாக வேண்டும், வண்டி வெளியே வந்துவிடும். தார் ரோட்டில் ஏறியதும் லாக்கை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால், ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். இதெல்லாம் டிராக்டர் ஓட்டியவருக்குத் தெரியும். டிராக்டரில் குதிகால் படும் இடத்தில் இதற்கென்றே ஒரு சின்ன மிதி உண்டு. மிதித்துக்கொண்டிருக்கும் வரை லாக் பிடிக்கும், காலை எடுத்தால் விட்டுவிடும். அத்தைக்கு இருபது வருஷத்துப் பழக்கம் அது.

நான் எனக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். தானாகவே பிடித்துத் தானாகவே விடும் லாக் ஒன்று இருக்கிறது, டிரைவர் ஒன்றும் செய்ய வேண்டாம் என்றேன். அத்தை முகத்தைச் சுளித்தார். அது பாட்டுக்கு முடிவு பண்ணினால் வண்டிக்குள் நான் எதற்கு என்றார். கேபிளில் இழுக்கும் லாக் உண்டு, லிவர் வைத்துக் கையால் இழுக்க வேண்டும், சாமான் வர இரண்டு வாரம் ஆகும் என்றேன். அந்த லிவரில் ஒரு ஸ்பிரிங் வைத்தால் கையை விட்டதும் லாக் விட்டுவிடுமா என்று கேட்டார். விடும் என்றேன். அப்படியானால் அதுவே இருக்கட்டும் என்றார்.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பட்டறை மூலையில் ஒரு பெட்டி இருந்தது. மலையிலும் காட்டிலும் பொழுதுபோக்குக்கு ஜீப் ஓட்டும் சேலத்துக்காரர் ஒருவர் ஆசையாக வரவழைத்து, பிறகு மனசு மாறி விட்டுப்போன ஏர் லாக் செட். சின்ன கம்ப்ரசர், பிளாஸ்டிக் குழாய், டேஷ்போர்டில் பதிக்க ஒரு சுவிட்சு. சுவிட்சைத் தட்டினால் காற்று போய் லாக்கைத் தள்ளும், திருப்பித் தட்டினால் விடும். லாக் விழுந்திருப்பதைக் காட்ட ஒரு சிவப்பு விளக்கு. அத்தை ஜீப்பின் ஆக்சிலுக்கு அது அச்சாகப் பொருந்தும். அதுவரைக்கும் நான் ஒரு ஏர் லாக்கைத் தொட்டதில்லை. தொட வேண்டும் என்று கை அரித்துக்கொண்டிருந்தது. அதைச் சொல்லாமல், அத்தைக்கு நல்லது என்று சொன்னேன். லிவரோடு மல்லுக்கட்ட வேண்டாம், விரலால் தட்டினால் போதும், அடுத்த வாரம் தார் வெட்டு இருக்கிறதே என்றேன்.

அத்தை சுவிட்சை வாங்கித் தட்டினார். அது போட்ட பக்கமே நின்றது. விரலை எடுத்துவிட்டு, அது திரும்பி வருமா என்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நா உட்ட பொறவும் புடிச்சுட்டே இருக்குமா?"

"ஆமாங்க அத்தை. லைட்டு எரியுமுங்க, பாத்து ஆப் பண்ணிக்கலாம்."

"லைட்டைப் பாத்து ஓட்டறதா சாமி, ரோட்டைப் பாத்து ஓட்டறதா?"

நான் சிரித்தேன். பட்டறைக்காரரும் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. காத்திருக்கிறேன், கேபிளே வரட்டும் என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். நான் விடவில்லை. கடைசியில், "அப்ப இந்தச் சுவிட்சு வேண்டாம். ஹாரன் பட்டன் மாதிரி ஒண்ணைக் காலுக்குக் கீழ வெச்சுக் குடு. மிதிச்சாப் புடிக்கோணும், எடுத்தா உடோணும்" என்றார்.

அறுபது வயது மனுஷி, இஞ்சினியரிங் காலேஜ் வாசலை மிதிக்காதவர், ஒரு நிமிஷத்தில் சரியான வழியைச் சொல்லிவிட்டார். ஒரு பட்டன், இரண்டு ஒயர், எண்ணிப் பத்து நிமிஷ வேலை. எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. செட்டோடு வந்த அழகான சுவிட்சைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹாரன் பட்டனை வைப்பதா என்று நினைத்தேன். அடுத்த தடவை வண்டி வரும்போது பார்த்துக்கலாங்க அத்தை என்றேன்.

மாட்டி முடித்து நானே ஊருக்குக் கொண்டுபோய், அத்தையை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இட்டேரிச் சேற்றில் சுவிட்சைத் தட்டியதும் ஜீப் ஒரு முனகலோடு ஏறி வெளியே வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது கீழே பார்த்தேன். விரல் சுவிட்சைத் தட்டியபோதே அத்தையின் இடது குதிகால் வெறும் தகட்டை அழுத்திப் பிடித்திருந்தது. சேறு தாண்டியதும் குதிகால் எழுந்தது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நான்தான் கையை நீட்டி அணைத்தேன். அங்கே மிதி இல்லைங்க அத்தை என்று கேலி செய்தேன். அவரும் வெட்கப்பட்டுச் சிரித்தார், பழகிக்குவேன் சாமி என்றார். பார்த்தவன் நான். அன்றைக்கே வண்டியைத் திருப்பிப் பட்டறைக்குக் கொண்டுபோகாதவனும் நான்.

அந்தத் தார் வெட்டை அத்தை யாருடைய டிராக்டரும் இல்லாமல் முடித்தார். அடுத்த வெட்டையும் முடித்தார். வாழைத்தார் ஏலச் சந்தையில் ஜீப்பை நிறுத்திவிட்டு, அப்பா நிற்கும் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாராம். அப்பா அன்றைக்கு ஊட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அத்தையிடம் நான் கண்ட ஒரே கர்வம் அது. அதற்காகவாவது அந்த ஜீப் தொடர்ந்து ஓடியிருக்கலாம்.

மூன்றாவது வெட்டு, தூறல் நாள், ஞாயிற்றுக்கிழமை. நான் ஊரில்தான் இருந்தேன். போன் வந்து ஓடினேன். இட்டேரி முடிந்து தார் ரோட்டில் ஏறியதும், ஐம்பது அடியில் வாய்க்கால் பாலத்துக்கு ஒரு ஒடிப்பான திருப்பம். ஜீப் திரும்பாமல் நேராகப் போய்ப் பாலத்துக் கைப்பிடிச் சுவரை இடித்து, ஒரு சக்கரம் வெளியே தொங்க நின்றிருந்தது. வாழைத்தார்கள் வாய்க்காலில் மிதந்து போய்க்கொண்டிருந்தன. அத்தைக்கு வலது மணிக்கட்டு முறிந்திருந்தது, அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பாலத்தில் எதிரே பள்ளிக்கூடம் போகிற வயசுப் பிள்ளை ஒன்று சைக்கிளில் வந்ததாம், ஒரு முழ இடைவெளியில் தப்பித்தது என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள்.

நான் ஜீப்புக்குள் குனிந்தேன். இஞ்சின் நின்றிருந்தது, சாவி திருப்பியபடியே இருந்தது, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுற்றி நின்ற ஒருவருக்கும் அது என்ன விளக்கு என்று தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். என் விரல் போய்ச் சுவிட்சைத் தட்டியது. விளக்கு அணைந்தது. பிறகு சாவியை உருவி எடுத்துக்கொண்டேன்.

எதற்காகச் செய்தேன் என்று கேட்டால் இப்போது பதில் சொல்லத் தெரிகிறது. எனக்குத் தனிப் பட்டறை வைத்துக் கொடுப்பதாக அப்பா அந்த மாதம்தான் ஒப்புக்கொண்டிருந்தார். நான் முதல் முதலாக மாட்டிய ஏர் லாக் என் அத்தையையே பாலத்தில் கொண்டுபோய் மோதிவிட்டது என்றால் யார் என்னிடம் ஆக்சிலைக் கொடுப்பார்கள்? இவ்வளவு கணக்கும் அந்த ஒரு நொடியில் போட்டேனா, தெரியாது. பயந்தேன், அவ்வளவுதான். லாக் விழுந்தபடியே இருந்தது என்று தெரிந்திருந்தால் லாக்கை மாற்றியிருப்பார்கள். தெரியாததால் அத்தையை மாற்றினார்கள்.

அதன் பிறகு அவர் நான்கு வருஷம் இருந்தார். தோட்டம் அப்பாவிடம் குத்தகைக்குப் போனது. மாட்டைக்கூட அவர் கட்டவில்லை, கூலிக்காரர் வந்து கட்டினார். கிணற்றில் ஆட்டோ சுவிட்சு திரும்ப ஏறியது. நான் போகும்போதெல்லாம் வலது கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். எலும்பு நன்றாகவே கூடியிருந்தது. கூடாதது எது என்று எனக்குத் தெரியும். ஒரு தடவைகூட நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு யார் லாக் மாட்ட வந்தாலும், காலுக்கு ஒரு பட்டன் வேண்டுமா என்று நானே கேட்கிறேன். பெரும்பாலும் வேண்டாம் என்கிறார்கள். கேட்டுவிட்டால் பாவம் கொஞ்சம் கரையும் என்று நினைத்தேன். கரையவில்லை.

கட்டுப் போட்டு ஊட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அப்பா உறவுக்காரர் நாலு பேரோடு அத்தை ஊட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிப் போனார். அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சாவியை நான் அன்றைக்கே அவரிடம் கொடுத்திருந்தேன், இடது கையால் முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். அப்பா இதமாகத்தான் பேசினார். உசிரு தப்பியதே பெரிசு, அந்தப் பிள்ளை மேல் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும், இனிமேல் வண்டி வேண்டாம் என்றார். வந்தவர்களும் ஆமாம் போட்டார்கள். அத்தை எதையும் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை.

"நா காலை எடுத்துட்டேன்" என்றார்.

அப்பா மற்றவர்களைப் பார்த்தார். பாத்தீங்களா, இப்படித்தான் மூணு நாளா இதையே சொல்லுது என்பது போன்ற பார்வை. யாரோ உச்சுக் கொட்டினார்கள். அந்த அறையில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்பா என் பக்கம் திரும்பி, நீ ஏதோ மாட்டிக் குடுத்தியே, அதில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். அதில் ஒன்றும் இல்லைங்கப்பா என்றேன். அது பொய்கூட இல்லை. லாக் நன்றாகத்தான் வேலை செய்தது.

அத்தை அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நீதான் சாமி மொதல்ல போயிப் பாத்தே. அந்தச் செவப்பு லைட்டு எரிஞ்சுட்டு இருந்துச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார். "எரிஞ்சுதுன்னா நா மறந்துட்டேன்னு அர்த்தம். மறதியத் திருத்திக்கலாம், நீ அந்தப் பட்டனை வெச்சுக் குடுத்துருவே. எரியலீன்னா லாக்கு உட்டுருந்துச்சு, என்ற கையே போச்சுன்னு அர்த்தம். அப்பறம் நா வண்டியத் தொடக் கூடாது. புள்ளைங்க வர்ற ரோடு."

அவ்வளவு தெளிவாக, அவ்வளவு சுலபமாக என்னிடம் கொடுத்தார். ஒரு வார்த்தை போதும். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரியலீங்க அத்தை" என்றேன்.

அத்தை கொஞ்ச நேரம் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். என்னைச் சந்தேகப்படவே இல்லை. சரி சாமி என்று மட்டும் சொன்னார். பிறகு இடது கையால் முந்தானை முடிச்சின் நுனியைப் பிடித்து இழுத்தார். ஒரே இழுப்பில் அவிழ்ந்து, சாவி அப்பாவின் கையில் விழுந்தது.